முப்பத்தேழு

விடியக் கட்டிலாலை இறங்கிற முதல் அடி
ஆணியிலை.
ரெண்டாவது கண்ணாடித் துண்டிலை.
கிணத்தடிக்குப் போய்ச் சேரேக்கை
வெறும் கல்.
பிறகு நாள் முழுக்க அந்தக் கல்லோடைதான் நடை.

கஸ்தூரியார் வீதியிலை சப்பாத்துக் கடை.
பதினொரு வருசம்.
ஆக்களின்ரை முகம் எனக்கு நிக்காது,
கால் நிக்கும்.
பெருவிரல் சரிஞ்ச கச்சேரிக் கிளாக்கர் அம்மா.
நகம் உள்ளுக்கை வளந்து
சீழ் பிடிச்சும் சிரிக்கிற ரியூசன் மாஸ்டர்.
"வளருற பிள்ளை, ரெண்டு நம்பர் கூட்டித் தாங்கோ" எண்டு
தகப்பன் சொல்ல,
நுனியிலை பஞ்சு அடைச்சுக்கொண்டு போற பெடியள்.
சோடியாய்க் காசு குடுத்து
இடதை மேசையிலை வைச்சிட்டுப் போற ஒருவர்.
அந்த இடதுகளை நான் எறியிறேல்லை.
ஏழு சேர்ந்திருக்கு.

குந்தியிருந்து போட்டுவிடுவன்,
எழும்பித் தட்டுக்கு ஓடுவன்,
திரும்பக் குந்துவன்.
கதிரை இருக்கு,
வாங்க வாறவைக்கு.

நல்லெண்ணெய் பூசினன்.
செங்கல்லைச் சுடவைச்சு எருக்கிலை பரப்பி
குதியை ஊண்டினன்.
பார்மசியிலை கேட்டு வாங்கின வெள்ளைக் குளிசையிலை
வயிறு எரிஞ்சதுதான் மிச்சம்.
"குதி நோவுக்கு ஆரும் டொக்டரிட்டைப் போவினமே?"
முதலாளி சிரிச்சார்.
நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன்.
குதி எண்டால்
உடம்பின்ரை கடைசி ஒழுங்கை,
தார் போட ஆரும் வராத ஒழுங்கை.

பெரியாஸ்பத்திரி.
காலமை ஆறரைக்கு வரிசை,
கையிலை துண்டு, மடியிலை புதுக் கொப்பி.
வாங்கிலிலை சரிஞ்சு கண் அயர்ந்த நேரம்
"முப்பத்தேழு!" எண்டு ஒரு குரல்.
துள்ளி எழும்பி
சுவரிலை மேல்தட்டைத் தேடினன்.
கறுப்போ பிறவுணோ எண்டு கேக்க
வாய் உன்னி வந்திட்டுது.

டொக்டர் பெருவிரலாலை அமத்தினார்.
"இதிலையோ?"
நான் போட்ட சத்தத்துக்கு
வெளியிலை முப்பத்தெட்டு எட்டிப் பார்த்தது.
படத்திலை எலும்பிலை ஒரு முள்ளு.
"அதைப் பிழை சொல்லாதேங்கோ.
குதியிலையிருந்து விரல் மட்டும்
வில்லு நாண் மாதிரி ஒரு தடிச்ச நார் ஓடுது.
நிண்டு நிண்டு அது நொந்து போச்சு."
நொந்து போனது நார் எண்டு
ஒருத்தர் பேர் சொல்லிச் சொன்னதிலையே
பாதி நோ கேட்டமாதிரி.

அடுத்த அறையிலை ஜெனிற்றா மிஸ்.
நிலத்திலை இருந்து
என்ரை காலைத் தூக்கித் தன்ரை மடியிலை வைச்சா.
வெடுக்கெண்டு இழுத்தன்.
"வேண்டாம் மிஸ், ஊத்தை."
கடையிலை எல்லாரும் சொல்லுறது.
நான் எல்லாருக்கும் சொல்லுறதையே
அவவும் சொன்னா:
"இது என்ரை வேலையெல்லே."

இறங்க முதல், கட்டிலிலையே
துவாயை விரல்களிலை கொளுவி இழுக்கவேணும்.
தண்ணிப் போத்தலை ஐஸாக்கி
உள்ளங்காலுக்குக் கீழை உருட்டவேணும்.
சீமெந்து நிலத்திலை வெறுங்கால் கூடாது,
வீட்டுக்குள்ளையும்.
எவ்வளவு காலம் எண்டு கேட்டன்.
"மூண்டு மாசம். ஆறும் செல்லும்.
ஊசி கடைசியிலை பாப்பம்."

பிறகு என்ரை செருப்பை வெளிச்சத்துக்குத் தூக்கினா.
குதிப்பக்கம் தேஞ்சு
யன்னல் தெரிஞ்சுது.
"எங்கை வேலை, கமலாசனி?"
புடவைக் கடை எண்டன்.

பின்னேரம் கடையிலை ஆக்கள் இல்லை.
வாங்க வாறவையின்ரை கதிரையிலை
நான் இருந்தன்.
முதலாளி கல்லாவிலையிருந்து பார்த்தார்,
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்,
ஒண்டும் சொல்லேல்லை.
கால் அளக்கிற தகடு பக்கத்திலை கிடந்தது.
ஆயிரம் கால் வைச்சு
எழுத்து அழிஞ்ச தகடு.
என்ரையை வைச்சதில்லை.
குதி ஒட்ட வைச்சு, குனிஞ்சு பார்த்தன்.

முப்பத்தெட்டு.